கீழூரின் நாலாவது தோள்

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். கோழி கிண்டின முற்றம் இதைவிடத் துப்புரவாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதிலும் ல, ள, ழ மூன்றையும் வாத்தியார் படிப்பித்த கிழமை எனக்குக் கூகைக்கட்டு, கன்னம் வீங்கிப் படுத்திருந்தேன். ஆகவே அந்த மூன்றும் இந்தப் பக்கங்களில் தங்கள் இஷ்டத்துக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கும். மனைவி சிவப்புப் பேனையோடு காத்திருக்கிறாள். அவள் திருத்தியபிறகும் பிழை இருந்தால் அது அவளுடைய பிழை.

நான் எழுதப்போவது இத்தாலியில் இருக்கிற ஒரு மலைக் கிராமத்தைப் பற்றி. அதன் வரலாறு, வழக்கங்கள், போனால் பார்க்கவேண்டிய இடங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். நான் அங்கே போனதில்லை. இத்தாலிக்கே போனதில்லை. மலை ஏறினதும் இல்லை. நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்குவதற்கு என்று தரையில் இருப்பது கறையான் புற்று மட்டும்தான்.

மெல்பேர்ணுக்கு வந்து வேலை தேடித் திரிந்தபோது, தரை ஓடு, ரைல்ஸ் பதிக்கிற ஓர் இத்தாலியர் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதலாளி என்ற முறையில் அவரை நான் போஸ் என்பேன். பல வருடங்கள் நாங்கள் இரண்டு பேரும் மற்றவர்களுடைய குளியலறைகளில் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலில் நின்றோம். இரண்டு பேர் சுவரைப் பார்த்து முழங்காலில் நின்றால், ஒருவர் பேசவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும். நான் பேசுகிறவன் இல்லை. கடையில் கேட்டதை விட்டு வேறு சாப்பாட்டைத் தந்தால்கூட, வாய் திறக்க வெட்கப்பட்டு அதையே வாங்கிவந்து சாப்பிடுகிற ஆள். எனவே பேசியது அவர். அவருடைய இங்கிலிஷ் உடைந்த சட்டி, என்னுடையது அதன் ஓடு. அதில் எனக்கு விளங்கினதைத்தான் இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவர் உண்மையில் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நான் பொறுப்பில்லை.

அந்த ஊரின் வரலாறு இதுதான். ஒவ்வொரு ராசாவின் படையும் கஷ்டப்பட்டு மலை ஏறி வந்தது. வீடுவீடாகப் புகுந்து பார்த்தது. எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லாததால் வெட்கத்தோடு இறங்கிப் போனது. ஒரு படை மட்டும் ஓர் ஆட்டைக் கொண்டுபோனது. அந்த ஆட்டை ஊர் இன்னும் மறக்கவில்லை. பிறகு ஊரில் இருந்த இளம் ஆட்களும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவர்களில் பாதிப்பேர் மெல்பேர்ண் வடக்கில் வந்து சேர்ந்து, இங்கே வீடுகளுக்குச் சீமெந்து பூசினார்கள்.

பார்க்கவேண்டிய இடங்கள்: ஒரு தேவாலயம். ஓர் ஊற்று, அதன் தண்ணீர் குடித்தால் பல் விறைத்துவிடும். ஒரு பாறை; தூரத்திலிருந்து பார்த்தால் பிஷப் தொப்பியோடு ஆயர் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். பின்பக்கம் இன்னும் தத்ரூபம் என்று போஸ் சொல்வார்.

எல்லாவற்றிலும் முக்கியம், ஊர் இரண்டு படியாக இருக்கிறது. மேலூர், கீழூர். நடுவே ஒரு நீரோடை. ஆடு தாண்டும், குழந்தை தாண்டும். ஆனால் இரண்டு பக்கத்துச் சனமும் அதைச் சமுத்திரம் என்று வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். போஸ் கீழூர். கீழூர்தான் எனக்கு வரலாறு சொல்லித்தந்தது. இதை வாசிக்கிறவர்கள் ஞாபகம் வைத்திருக்கவேண்டும். நான்தான் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அந்த ஊர்க்காரருக்கு இங்கே ஒரு கிளப் இருக்கிறது. பெரிய மண்டபம், சமைக்கக் குசினி, பின்னால் பந்து உருட்டி விளையாடுகிற மணல் தரை, முன்னால் கார் நிறுத்துகிற இடம். கார் நிறுத்துகிற இடத்தின் நடுவே மழைத்தண்ணீர் ஓட ஒரு வடிகால், மேலே இரும்புக் கிராதி. அதுதான் நீரோடை. கிராதிக்கு அந்தப் பக்கம் மேலூர், இந்தப் பக்கம் கீழூர். மேலூர்க்காரர் இந்தப் பக்கம் காரை விடமாட்டார்கள். இடம் இல்லாவிட்டால் வீதியில் விட்டு அபராதம் கட்டுவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய புனிதரின் திருநாள். மரப் பல்லக்கில் புனிதரை வைத்து, நாலு மேலூர்த் தோள்கள் ஓடைவரை கொண்டுவர வேண்டும். ஓடைக்கு மேலே, நிலத்தில் படாமல், நாலு கீழூர்த் தோள்கள் வாங்கவேண்டும். அங்கே திருநாள் வருவது பனிக்காலத்தில், ஆகவே தூக்குகிறவர்கள் தடித்த கம்பளிப் போர்வை போடுவது வழக்கம். இங்கே தை மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். அதே கம்பளியைத்தான் போடுகிறார்கள். வருடம் ஒருவராவது மயங்கி விழாவிட்டால் திருநாள் சப்பென்று போய்விட்டது என்பார்கள்.

புனிதரின் வலக்கையில் ஒரு விரல் இல்லை. ஊரில் இருக்கிற பழைய சிலையில் விரலை முறித்தது மேலூர் என்று கீழூரும், கீழூர் என்று மேலூரும் சொல்லும். மெல்பேர்ணுக்கு என்று புதுச் சிலை செய்வித்தபோது அது எல்லா விரலோடும் வந்து இறங்கியது. இது எங்கள் சாமி இல்லை என்று இரண்டு பக்கமும் கொதித்தார்கள். கடைசியில் குசினியில் வைத்து, இறைச்சி வெட்டுகிற கத்தியின் பிடியால் விரலைத் தட்டி எடுத்தார்கள். யார் தட்டினது என்று இப்போது சண்டை.

போஸ் தன் இளவயதிலிருந்து அந்தப் பல்லக்கைத் தூக்கியவர். ஆனால் வாழ்நாள் முழுக்க ரைல்ஸுக்கு முன்னால் முழங்காலில் நின்ற மனிதன். முழங்கால் சும்மா இருக்குமா? இரண்டையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு எனக்கு மேற்பார்வை செய்தார். தோளில் பாரம் வைக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழூருக்கு மூன்று தோள்கள் மிஞ்சின. போஸின் இரண்டு மகன்மார், ஒரு மருமகன். மருமகன் என்றால் அக்காவின் மகன். மகளைக் கட்டினவன் கணக்கில் வரமாட்டான். மற்றவர்கள் கிழவர்கள், அல்லது கல்லறையில்.

கிளப்பின் தலைவி மேலூர். எண்பதைத் தாண்டியவர், தலைமயிர் நுனி கலையாமல் வருவார். எங்கள் பழக்கத்தில் நான் அவரை அன்ரி என்றேன். அவருக்குக் கோபம், வயதைச் சொல்லிக் காட்டுகிறேனாம். அவர்தான் தீர்வு சொன்னார். மேலூருக்கு நாலு தோள் இருக்கிறது, அவர்கள் தூக்கட்டும். ஓடையிலிருந்து கீழூர், புனிதரை, கிளப் பாரில் பியர்ப் பீப்பாய் ஏற்றுகிற ட்ரொலியில் வைத்துத் தள்ளட்டும். வெள்ளைத் துணி போட்டு மூடினால் தெரியாது.

அடுத்த நாள் வேலையிடத்தில் போஸ் இதைச் சொன்னார். நான் ஆறுதல் என்று நினைத்து, வாய் இருக்கிறதே, அதைத் திறந்தேன்.

"போஸ், எங்கட சாமி தேரிலதான் போறவர். ஆள் உயரத்துக்குச் சில்லு. ஒருத்தரும் வெட்கப்படுறேல்லை."

"உங்கட ஊர் கோப்பை வைக்கிற மேசை மாதிரிச் சமதரை எண்டு நீதானே சொன்னனீ. சில்லு உருளும். எங்கட ஊர் முழுக்கப் படி. சில்லில வந்தவன் வரி வாங்குறவன் மட்டும்தான். அவனும் அடிவாரத்தில வண்டியை விட்டிட்டு மூச்சு வாங்கி வாங்கித்தான் ஏறுவான்."

"ஒரு வருசம்தானே."

"ஒருக்கா ட்ரொலியில ஏத்தினால் பிறகு இறக்கமாட்டாங்கள். நான் செத்தாலும் சொல்லுவாங்கள், இவன்ர காலத்திலதான் கீழூர் சாமியைப் பியர் மாதிரித் தள்ளினது எண்டு."

அதற்குப் பிறகு அவர் அன்று முழுக்கப் பேசவில்லை. பேசாத போஸை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ரைல்ஸ் கோணலாகப் போனது. அதைக்கூடத் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலாவது தோளுக்கு உன்ர பேரைக் குடுத்திட்டன்."

"போஸ், நான் இத்தாலி இல்லை."

"இத்தாலி ஆர் கேட்டது? கீழூரோ இல்லையோ, அதுதான் கேள்வி. முந்தி ஒருக்கா அடுத்த மலையில இருந்து வந்த ஈயம் பூசுறவனைக் கீழூர் தூக்க விட்டது. மேலூர் அவனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது, அவன் மறுமொழி சொன்னான், முடிஞ்சுது."

"நான் சைவம்."

"ஈயம் பூசுறவன் கள்ளன். அவனையே புனிதர் பொறுத்தவர்."

அவர் போனபிறகு மனைவி குசினிக்குள் நின்று சிரிக்கத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, எங்கட கோயில்ல சாமி தூக்க ஆள் தேடினால் நாரி நோகுது, முதுகு நிமிராது எண்டு தூணுக்குப் பின்னால போய் நிக்கிற ஆள் நீங்கள். இப்ப இத்தாலிக்காரற்றை சாமி எண்டதும் நாரி சுகமாப் போட்டுதோ?"

"மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் போச்சுது."

"அது எனக்குத் தெரியும். கலியாணத்துக்கும் அப்பிடித்தானே ஓம் எண்டனீங்கள்."

கிளப் மண்டபத்தில் கேள்வி கேட்கும் நாள் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தலைவியும் மேலூர்க் கிழவர்களும். பின்னால் கீழூர். நடுவில் நான், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கால்சட்டைப் பைக்குள் விட்டு, மரியாதையில்லை என்று எடுத்து, திரும்ப விட்டு. என் பக்கத்தில் இருந்த போஸ் காதுக்குள் சொன்னார்: "பயப்படாதை. நான் உனக்குச் சொன்னதைச் சொல்லு."

தலைவி கேட்டார்: "தேவாலயத்தைக் கட்டினது ஆர்?"

இது எனக்குத் தெரியும். ஒரு பெரிய குளியலறைக்கு நிலம் பதித்தபோது முழுக்கச் சொன்ன கதை. "கீழூர் கட்டினது," என்றேன். "கூரை போட்ட பிறகு மேலூர் வந்தது. விருந்துக்கு."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரை பின்னால் தள்ளப்பட்டது. போஸ் என் காலை மிதித்தார். தைரியம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"திருநாளுக்கு எங்கட ஊரில என்ன சமைக்கிறது?"

"கீழூரில சோளமாக் களி, முயல் கறி," என்றேன். பதில் சரி என்று நினைத்ததால் நிறுத்தாமல் சொன்னேன். "மேலூரில ஓர் எலும்பு. முழு ஊருக்கும் ஒண்டுதான். நூலில கட்டி ஒரு வீட்டுச் சட்டியில விட்டுக் கொதிச்சதும் தூக்கி அடுத்த வீட்டுக்குக் குடுப்பினம். கடைசி வீடு பாதிரியாற்றை. அவருக்கு நூல்தான் மிஞ்சும்."

ஒரு மேலூர்க் கிழவர் எழுந்து நின்று இத்தாலி மொழியில் ஏதோ கத்தினார். இன்னொருவர் தன் ஊன்றுகோலைத் தேடினார். எனக்குப் பின்னால் கீழூர் முழுக்கத் தொண்டையைச் செருமியது. போஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணினேன். கெடுத்துவிட்டேன். எந்தப் பதில் பிழை என்றுதான் தெரியவில்லை.

தலைவி கையை உயர்த்தி எல்லோரையும் இருத்தினார். என்னையே பார்த்துக்கொண்டு மூன்றாவதைக் கேட்டார்: "எங்கட ஊருக்குப் போனால் என்ன பார்க்கவேணும்?"

ஊற்றையும் பாறையையும் சொன்னேன். ஆயரின் பின்பக்கத்தைப் பயத்தில் விட்டுவிட்டேன். பிறகு, போஸ் எப்போதும் கடைசியாகச் சொல்கிற வரி ஞாபகம் வந்தது. முழுப் பதிலாக இருக்கட்டும் என்று அதையும் சொன்னேன்.

"கீழூரில நிண்டு கீழ பார்த்தால் பள்ளத்தாக்கு வடிவா இருக்கும். மேல பார்க்கத் தேவையில்லை. மேல மேலூர்தான் இருக்கு."

தலைவி என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்.

"இதெல்லாம் உண்மை எண்டு நீ நம்புறியோ?"

"ஓம் அன்ரி," என்றேன். "வரலாறு தானே."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொய்யளைக் கீழூரில பிறந்தவனைத் தவிர ஒருத்தனும் இவ்வளவு நேர்மையான முகத்தோடை சொல்லமாட்டான். இவன் கீழூர்தான். இந்த மண்டபத்தில இவனைப்போலக் கீழூர் வேற இல்லை. தூக்கட்டும். தூக்கி முதுகை முறிக்கட்டும்."

போஸ் கையை எடுத்தார். அழவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்திருந்தது. வெளியே வந்ததும், கிராதிக்கு இந்தப் பக்கத்தில் நின்று, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். யாழ்ப்பாணத்தில் என்னை ஓர் ஆம்பிளை கொஞ்சினதில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வடிகாலைப் பார்த்தேன்.

அடுத்த கஷ்டம் உயரம். போஸின் மகன்மார் பனை. மருமகன் தென்னை. நான் கத்தரிச் செடி. பின்பக்கம் இடது தண்டு என் தோளுக்கு எட்டாமல் நின்றது. மனைவி ஸ்பிரிங்வேல் கடையில் எனக்கு உடுக்க வாங்கின புதுச் சாரத்தை மடித்து மடித்துத் தலையணை போலாக்கி, என் தோளில் வைத்து ஊசியால் குத்தினாள். மேலே கம்பளிப் போர்வை. ஒரு பக்கம் கூன் விழுந்த ஒட்டகம் மாதிரி இருந்தேன் என்று என் மகள் படம் எடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள்.

திருநாள் அன்று நல்ல வெயில். கம்பளிக்குள் நான் அவிந்தேன். மேலூரின் நாலு தோள்கள் புனிதரைக் கொண்டு வந்தன. முன்னால் வாத்தியக்காரர், பக்கத்தில் தலைவி, குடையோடு. இந்தப் பக்கம் நாங்கள். போஸ் ஊன்றுகோலோடு எனக்குப் பின்னால் நின்றார். கொஞ்சம் தள்ளி, பாரின் வாசலில், அந்தப் பீப்பாய் ட்ரொலி நின்றது. தவறினால் கைக்கு எட்டட்டும் என்று மேலூர் வெள்ளைத் துணியையும் விரித்து வைத்திருந்தது. போஸ் அதைப் பார்க்காதமாதிரிப் பார்த்தார்.

தூக்கும்போது 'வீவா', வாழ்க, என்று சொல்லவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். சின்னச் சொல். காலையிலிருந்து வாய்க்குள் பாடமாக்கினேன்.

கிராதிக்கு மேலே தண்டுகள் அவர்களுடைய தோளிலிருந்து எங்கள் தோளுக்கு நகர்ந்தன. பாரம் வந்தது. நனைந்த சீமெந்து மூட்டை மாதிரிப் பாரம். சாரத் தலையணை அமுங்கிவிட்டது. என் மூலை இறங்கியது. புனிதர் என் பக்கம் சாய்ந்தார், காதில் ஏதோ இரகசியம் சொல்லப் போகிறவர்போல. சனம் முழுக்க ஒரு மூச்சு இழுத்தது. யாரோ ட்ரொலியை உருட்டத் தொடங்கினார்கள். அந்தச் சில்லின் சத்தம் கேட்டது. பின்னால் போஸ், "ஐயோ, இல்லை" என்றார். கத்தவில்லை, மெல்லச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முழங்காலை நிமிர்த்தினேன். நிமிர்த்தும்போது வாய் தன்பாட்டில் திறந்தது. வந்தது 'வீவா' இல்லை.

"அரோகரா!"

இந்த நாட்டுக்கு வந்தபிறகு நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. வீதியில் போன பஸ்ஸில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். சனத்துக்குள் நின்ற என் மனைவி, யோசிக்காமல், கோயிலில் பழகின வாய், கையைத் தலைக்குமேல் தூக்கி, "அரோகரா!" என்று பதில் கொடுத்தாள். மகள் முகத்தை மூடிக்கொண்டாள். பல்லக்கு நிமிர்ந்தது. நாங்கள் ஓடையைத் தாண்டினோம். புனிதர் கீழூருக்குள் வந்தார், தோளில்.

வாத்தியக்காரர் நிறுத்திவிட்டார்கள். தலைவி குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன சொன்னவன் அவன்?"

பல்லக்கை வைத்துவிட்டு ஓடவும் முடியாது. போஸ் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அது கீழூர்ச் சொல். பழசு. ஓடை தாண்டேக்க எங்கட பாட்டன்மார் சொல்லுறது. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எலும்பு கட்டிக்கொண்டு நிண்டிருப்பியள்."

தலைவி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைக்குமேல் தூக்கின கையை இன்னும் இறக்காமல் நின்ற என் மனைவியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். விளங்கித்தான் இருக்கவேண்டும். பிறகு அவர் மூக்கை உயர்த்திச் சொன்னார்:

"தெரியாதோ? அது மேலூர்ச் சொல். எங்களிட்டை இருந்து களவெடுத்தனீங்கள். படை கொண்டுபோனது எண்டு நீங்கள் சொல்லுற அந்த ஆட்டைப்போல."

அடுத்த தை மாதம் மேலூரின் நாலு தோள்களும் ஓடைக்கு வரும்போதே "அரோகரா" என்றன. எங்களைவிடச் சத்தமாக. கீழூர் விடுமா? தூக்க முதலே தொடங்கிவிட்டது. போஸின் பேரப்பிள்ளைகள் பந்து விளையாடும்போதும் சொல்கிறார்கள். அவர்கள் வேறு எந்த ஊர்ச் சொல்லும் அறியாதவர்கள்.

இந்த வருடம் கிளப் தங்கள் ஊரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டது. வரலாறு, வழக்கங்கள், பார்க்கவேண்டிய இடங்கள். போஸ் ஒரு பிரதி கொண்டுவந்து தந்தார். வழக்கங்கள் என்ற பக்கத்தை மகள் எனக்கு வாசித்துச் சொன்னாள். புனிதர் ஓடையைத் தாண்டும்போது இரண்டு ஊராரும் மிகப் பழைய ஒரு சொல்லைக் கூவுவார்களாம். அதன் பொருள் மறைந்துவிட்டதாம். மேலூரிலிருந்து கீழூருக்குப் போனதா, கீழூரிலிருந்து மேலூருக்குப் போனதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டாம்.

மகள் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்தாள். "நீங்கள் எழுதுங்கோ அப்பா, இல்லாட்டி இதுதான் வரலாறு ஆகும்," என்றாள். மனைவிக்கு, ஆகினால் ஆகட்டும். ஆனாலும் சிவப்புப் பேனையை எடுத்து வைத்தாள். தமிழில் எழுதினால் அங்கே ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதினேன். போஸிடம் இதைச் சொல்லப்போவதில்லை. அவர் நேற்றும் வந்து, கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு, அந்தச் சொல்லைத் தன் பாட்டனார் எப்படிக் கூவுவார் என்று கூவிக் காட்டினார். நல்லாய்த்தான் கூவினார்.

ட்ரொலி மறுபடி பீப்பாய்தான் ஏற்றுகிறது.

2025 யூன் 8, ஞாயிற்றுக்கிழமை.